மலை வீட்டுக் கடிதம்: சீசனுக்கு வந்த மகள்



காலேஜ் லீவு விட்டால் எல்லா ஊர்ப் பிள்ளைகளும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நிம்மதியாக வீட்டுக்குப் போகிறார்கள். எங்கள் கொடைக்கானல் பிள்ளைகளுக்கு மட்டும் அந்தக் கொடுப்பினை முழுசாகக் கிடையாது. இவர்களுக்கு லீவு விடுகிற அதே நாளில்தான் தமிழ்நாட்டில் பாதிப் பேருக்கு எங்கள் ஊர் ஞாபகம் வருகிறது. சொந்த ஊருக்கு, டூரிஸ்டுகளோடு டூரிஸ்டாக இடித்துப் பிடித்துக்கொண்டு வந்து இறங்க வேண்டும். இறங்கி வீட்டுக்கு வந்தால் அங்கேயும் டூரிஸ்டுகள்! யார் என்கிறீர்களா? வேறு யார், நம் சொந்தக்காரர்கள்தான்.

மலையில் வீடு வைத்திருக்கிற பெண்களுக்கு இதை விளக்க வேண்டாம். கீழே இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். ஏப்ரல் பாதியிலேயே போன் வர ஆரம்பித்துவிடும். "அங்கே எப்படி, குளிரா இருக்கா? இங்கே வெயில் மண்டையைப் பிளக்குது" என்று பேச்சு ஆரம்பித்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று எங்களுக்குத் தெரியும். எத்தனை பேர், எத்தனை நாள் என்று மட்டும் கேட்டு வைத்துக்கொண்டு, அரிசியை இன்னொரு மூட்டை போடச் சொல்லிவிடுவேன். வருகிறவர்களைக் குறை சொல்லவில்லை. நாம் கீழே கல்யாணம், காதுகுத்து, ஆஸ்பத்திரி என்று போனால் அவர்கள் வீட்டில்தானே தங்குகிறோம்.

என் பெரியவள் மதுரையில் ஹாஸ்டலில் தங்கி பி.எஸ்ஸி. பிசிக்ஸ் படிக்கிறாள். முதல் வருஷம் முடித்து 2025 மே மாதம் வீட்டுக்கு வந்தாள். அந்த ஒரு மாதத்தைப் பற்றித்தான் இந்தத் தடவை எழுதப் போகிறேன்.

முதலில் பஸ். ஆரப்பாளையத்தில் கொடைக்கானல் பஸ்ஸுக்கு மே மாதம் ஸீட் பிடிப்பது என்பது தனி வித்தை. ஜன்னல் வழியாகக் கைக்குட்டை, துண்டு, சின்னக் குழந்தை என்று கைக்குக் கிடைத்ததை எல்லாம் போட்டு இடம் பிடிப்பார்கள். இவள் வத்தலக்குண்டு வரை நின்றுகொண்டே வந்திருக்கிறாள். அதற்கப்புறம் மலைப்பாதை. வழக்கமாக இரண்டு, இரண்டரை மணி நேரம். சீசனில் அதற்குக் கணக்கே கிடையாது. பெருமாள்மலையில் நின்றால் நின்றதுதான், வெள்ளி நீர்வீழ்ச்சிப் பக்கம் நின்றால் அதைவிட மோசம். வண்டிகளைக் குறைக்க வேண்டும் என்று ஹைகோர்ட் உத்தரவில் 2024 மே 7 முதல் இ-பாஸ் கொண்டுவந்தார்கள். 2025 சீசனுக்கு வாரநாளில் 4,000 வண்டி, சனி, ஞாயிறில் 6,000 வண்டி என்று வரம்பும் போட்டார்கள். அரசு பஸ்ஸில் வருகிறவர்களுக்கு பாஸ் வேண்டாம். அதனால் என் மகளுக்கு பாஸ் தொல்லை இல்லை, ஆனால் பாஸ் வாங்கிய கார்களுக்குப் பின்னால் நிற்கிற தொல்லை அவளுக்கும் உண்டு!

மலைப்பாதையில் வாந்தி எடுக்கிற பிள்ளைகள் இருந்தால் ஒன்று சொல்கிறேன். வெறும் வயிற்றோடு ஏற்றாதீர்கள், வயிறு முட்டவும் ஊட்டாதீர்கள். இரண்டு இட்லி போதும். முன்பக்கத்து ஸீட்டில் உட்கார்ந்து தூரத்து ரோட்டைப் பார்த்துக்கொண்டு வரட்டும். கையில் இருக்கிற போனைப் பார்த்துக்கொண்டே வந்தால் மூன்றாவது வளைவிலேயே தலை சுற்றும். ஒரு துண்டு இஞ்சியை உப்பு தொட்டு வாயில் அடக்கிக்கொள்ளலாம். காது அடைத்தால் எச்சிலை விழுங்கச் சொல்லுங்கள், திறந்துவிடும்.

வந்தவள் என்ன செய்தாள் தெரியுமா? தூங்கினாள். ஒரு நாள் அல்ல, மூன்று நாள். மதுரையின் வெயிலிலிருந்து ராத்திரி 12, 13 டிகிரிக்கு இறங்குகிற ஊருக்கு வந்தால் கம்பளியை விட்டு யாருக்குத்தான் எழுந்திருக்க மனசு வரும்? "என்ன, உன் மகள் உடம்புக்கு ஏதாவதா?" என்று வந்தவர்கள் ஆளுக்கொரு தடவை கேட்டார்கள். என்னைக் கேட்டால், ஹாஸ்டல் பிள்ளையை முதல் மூன்று நாள் எழுப்பவே கூடாது. மார்க், ரூம்மேட், மெஸ் சாப்பாடு என்று விசாரணையும் வைக்கக் கூடாது. சாப்பாட்டுத் தட்டை நீட்டிவிட்டு அடுக்களை வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தால் தானாகவே வந்து மேடையில் உட்கார்ந்து பேசும்.

ஆனால் முகம் வெளிறிப்போய், தலைமுடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தால் மட்டும் சும்மா இருக்காதீர்கள். 2019-21-இல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், இந்தியாவில் 15 முதல் 49 வயது வரை உள்ள பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று வந்தது. ஹீமோகுளோபின் 12-க்குக் குறைந்தாலே சோகைதான். சின்ன ரத்தப் பரிசோதனை, எந்த ஊரிலும் செய்துகொள்ளலாம். குறைந்திருந்தால் டாக்டரிடம் காட்டிவிட வேண்டியதுதான். என் மகளுக்குப் பத்தரை இருந்தது. டாக்டர் மாத்திரை கொடுத்தார். நான் வத்தலக்குண்டிலிருந்து வருகிறவர்களிடம் சொல்லி முருங்கைக்கீரை வரவழைத்தேன். மலையில் அது சரியாக வராது. கீரையோடு எலுமிச்சம்பழம் பிழிந்து கொடுத்தால் இரும்புச்சத்து உடம்பில் நன்றாக ஒட்டும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் ஒட்டாது, ஒரு மணி நேரமாவது போகட்டும். இதைச் சொன்னால் எங்கள் ஊரில் யார் கேட்கிறார்கள்? சீசன் வீட்டில் டீப் பாத்திரம் அடுப்பை விட்டு இறங்குவதே இல்லை.

அடுக்களை பற்றிச் சொல்லும்போது இதையும் சொல்லிவிடுகிறேன். கீழிருந்து வருகிறவர்கள் உதவிக்கு என்று வந்து துவரம்பருப்பைத் திறந்த பாத்திரத்தில் ஏற்றிவிட்டு, "என்ன இது, ஒரு மணி நேரமா வேகவே மாட்டேங்குது, கடைக்காரன் ஏமாத்திட்டான்" என்பார்கள். கடைக்காரர் மேல் தப்பில்லை. எங்கள் ஊர் கிட்டத்தட்ட 7,000 அடி உயரம். தண்ணீர் இங்கே 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். குக்கர் இல்லாமல் பருப்பு வேகாது. இதை என் மகள் அத்தைக்குப் பாடமே எடுத்தாள். கேட்டுக்கொண்டிருந்த அத்தை, "அது சரி, குக்கரை எடு" என்றார்.

நான்காம் நாள் எழுந்தாளோ இல்லையோ, அவளுக்கு வேலை கொடுத்துவிட்டார்கள். கைடு வேலை! "பாப்பா, இந்தப் பிள்ளைகளைக் கொஞ்சம் சுத்திக் காட்டிட்டு வா." முதலில் என் நாத்தனார் குடும்பம், அடுத்து என் சித்தி மகள் குடும்பம், அதற்கடுத்து நாத்தனாரின் ஓரகத்தி குடும்பம். மூன்று தடவையும் அதே ஏரி, அதே கோக்கர்ஸ் வாக், அதே தூண் பாறை, அதே பிரையண்ட் பார்க். ஏரியை 1863-இல் மதுரைக் கலெக்டராக இருந்த லெவிஞ்ச் துரை உண்டாக்கினார், நடைபாதையை 1872-இல் கோக்கர் என்ற லெப்டினன்ட் போட்டார் என்று சின்ன வயசிலிருந்து அவளுக்கு மனப்பாடம். குணா குகையைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். 1991-இல் கமல் படம் வந்ததிலிருந்தே அங்கே கூட்டம்தான். 2024-இல் 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' மலையாளப் படம் வந்த பிறகு, ஊருக்கு வருகிறவர்கள் காலைப் பலகாரத்துக்கு முன்னாலேயே அந்தக் குகையைத்தான் விசாரிக்கிறார்கள்.

இன்னொரு கேள்வியும் தவறாமல் வரும். "குறிஞ்சிப்பூ எங்கே பூத்திருக்கு, காட்டு!" பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை பூக்கிற பூவை, அதுவும் மே மாதத்தில், எங்கே போய்க் காட்டுவது? கடைசியாக 2018-இல் பூத்தது, இனிமேல் 2030-இல்தான். என் மகள் 2006-இல் மலை எல்லாம் நீலமாகக் கிடந்த சமயத்தில் பிறந்தவள். அடுத்தது பூக்கிறபோது ஏழாம் கிளாஸ் படித்தாள். 2030-இல் அவளுக்கு வயசு 24. எந்த ஊரில் இருப்பாளோ, எந்த வீட்டில் இருப்பாளோ! சரி, அது கிடக்கட்டும்.

அவளாக ஆசைப்பட்டு ஒரே ஓர் இடத்துக்குத்தான் கூப்பிட்டாள். சூரிய ஆராய்ச்சிக் கூடம். 1899-இல் தொடங்கிய கூடம் அது. நூறு வருஷத்துக்கு மேலாகச் சூரியனைப் படம் பிடித்து வைத்திருக்கிறார்கள். சூரியனில் உள்ள கரும்புள்ளிகளில் வாயு உள்ளிருந்து வெளிப்பக்கமாகப் பாய்கிறது என்று எவர்ஷெட் என்பவர் 1909-இல் அங்கே இருந்துதான் கண்டுபிடித்தாராம். "அவரோட சம்சாரமும் பெரிய ஆராய்ச்சிக்காரங்கம்மா. மேரி எவர்ஷெட். இங்கேயே இருந்து சூரியனோட ஓரத்துல எழும்புற தீக்கொழுந்துகளைப் பத்தி ஆராய்ச்சி பண்ணியிருக்காங்க. இத்தாலிக் கவி தாந்தேயோட காவியத்துல வர்ற நட்சத்திர சாஸ்திரத்தைப் பத்தி ஒரு புத்தகமும் எழுதியிருக்காங்க" என்று சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! கண் எல்லாம் வெளிச்சம். நான் இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு இருபத்தோரு வருஷம் ஆயிற்று. அந்த ரோட்டில் எத்தனை தடவை போயிருப்பேன்! அப்படி ஓர் அம்மாள் இங்கே குடியிருந்தார் என்பதை என் மகள் சொல்லித்தான் கேள்விப்பட்டேன். நாத்தனார் மட்டும், "அங்கே போட்டோ எடுக்க என்ன இருக்கு?" என்றார். பயணம் ரத்து. மறுபடியும் ஏரிக்கே போனார்கள்.

சாயங்காலம் ஆனால் மழை, மழை வந்தால் கரண்ட் போகும், கரண்ட் போனால் போனில் சிக்னலும் போகும். காலேஜ் பிள்ளைக்கு அதைவிடப் பெரிய கஷ்டம் உண்டா? சிநேகிதிகள் எல்லாம் மதுரையிலும் விருதுநகரிலும் ஒன்றாகப் பேசிக்கொண்டிருப்பார்கள், இவள் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்துகொண்டிருப்பாள். வீட்டுக்குள் படுக்கைகள் விரிக்கிற நேரம் வேறு. அவள் அறையில் நாத்தனார் குடும்பம் நாலு பேர். கூடத்தில் மீதிப் பேர். இவளுக்கு இரண்டு வாண்டுகளுக்கு நடுவில் ஓர் இடம். ஒருவன் தூக்கத்தில் உதைப்பான், இன்னொருத்தி கம்பளியை இழுத்துக்கொள்வாள்.

ஏழாம் நாளோ எட்டாம் நாளோ ராத்திரி, பாத்திரம் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து நின்றவள் கோபமே இல்லாமல் சொன்னாள்: "அம்மா, ஹாஸ்டல்ல ஒரு ரூமுக்கு நாலு பேருதான். ஆனா எனக்குன்னு ஒரு கட்டில் இருக்கு, பூட்டி வைக்க ஒரு அலமாரி இருக்கு. அடுத்த லீவுக்கு அங்கேயே இருந்துக்கலாமான்னு வார்டன்கிட்ட கேக்கப் போறேன்."

கோபித்துக்கொண்டு கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். விஷயம் அதோடு முடிந்திருக்கும். அவள் பஸ் நேரம் சொல்வதைப் போலச் சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. நான் பண்ணைக்காட்டில் ஆறு பிள்ளைகளில் ஒருத்தியாக வளர்ந்தவள். எனக்கென்று ஒரு பாய்கூடக் கிடையாது. வேண்டும் என்று கேட்கத் தோன்றியதும் இல்லை. எனக்குத் தோன்றாததால் அவளுக்கும் தோன்றக் கூடாது என்று சொல்லிவிட முடியுமா?

மறுநாள் மத்தியானம் ஆளைக் காணோம். வீடு முழுக்கத் தேடினால், பின்கட்டில் பூண்டு அறையில் உட்கார்ந்திருக்கிறாள்! என் வீட்டுக்காரர் பூம்பாறை, மன்னவனூர்ப் பக்கம் பூண்டு வாங்கி வடுகபட்டிச் சந்தைக்கு அனுப்புகிறவர். 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய நம் மலைப்பூண்டு, தாளோடு கட்டுக் கட்டாக அந்த அறையில் தொங்கும். அதன் கீழே சாக்கை விரித்து, சுவரில் சாய்ந்து, அப்பாவின் ரேடியோவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கொடைக்கானல் பண்பலை 100.5-இல் பழைய பாட்டு கேட்டுக்கொண்டு ஒரு புத்தகம் படிக்கிறாள். ஹாஸ்டலில்கூட இதைத்தான் கேட்பாளாம். எங்கள் மலைமேல் இருக்கிற கோபுரத்திலிருந்து போவது மதுரைக்கும் திருச்சிக்கும் கோயம்புத்தூருக்கும் கேட்கிறதே. "இங்கே நாறலையாடி?" என்றேன். "நாறுது. அதான் யாரும் வர மாட்டாங்க" என்றாள்.

மீதி நாளெல்லாம் அவளுக்கு அங்கேதான் வாசம். லீவு முடிந்து மதுரைக்குப் போனபோது பெட்டியில் இருந்த சுடிதார் எல்லாம் பூண்டு வாசனை. ரூம்மேட்டுகள் ஒரு வாரம் ஜன்னலைத் திறந்தே வைத்திருந்தார்களாம்!

அவள் போன பிறகு அந்த அறையைப் பற்றி வீட்டுக்காரரிடம் பேச்செடுத்தேன். பூண்டுக்கு மாட்டுக் கொட்டகைப் பக்கம் தகரம் போட்டு இடம் செய்துகொள்ளலாம், அந்த அறை அவளுக்கு இருக்கட்டும் என்றேன். அதற்கு அவர் அவ்வளவாக மறுப்புச் சொல்லவில்லை. ஐப்பசி மழைக்கு முன்னால் தகரம் போட்டாயிற்று. பழைய கட்டிலைச் சரிசெய்து போட்டு, ஒரு பலகை அலமாரியும் அடித்தாயிற்று. தாழ்ப்பாள் என்றதும்தான் வந்தது வம்பு. "வெளியே பூட்டு இருக்கே, போதாதா? வயசுப் பிள்ளை ரூமுக்கு உள்தாழ்ப்பாள் எதுக்கு? நாலு பேர் பார்த்தா என்ன நினைப்பாங்க?" என்றார். "அந்த நாலு பேரும் நம்ம வீட்டுலதான் படுத்திருக்காங்க. அவ உடுப்பு மாத்தக்கூட குளிரில் பாத்ரூம் வாசல்ல வரிசையில நிக்கிறா" என்றேன். இரண்டு நாள் பேசாமல் இருந்தார். மூன்றாம் நாள் ஆசாரியைக் கூட்டிக்கொண்டு வந்தார். ஒன்று கேட்டதற்கு மேலும் கீழுமாக இரண்டு தாழ்ப்பாள் போட்டுவிட்டுப் போனார் ஆசாரி. அதைப்பற்றி இவர் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

மகளிடம் சொன்னபோது போனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "சிக்னல் போயிடுச்சா?" என்று கேட்டேன். "இல்லம்மா, இருக்கு" என்றாள். அடுத்த லீவைப் பற்றி வார்டனிடம் கேட்டாளா, இல்லையா என்று இன்றைக்கு வரை நான் விசாரிக்கவில்லை. மே முதல் வாரம் பரீட்சை முடிகிறது என்று மட்டும் அவளாகச் சொல்லியிருக்கிறாள்.

நாத்தனார் விஷயம்தான் பாக்கி. பொங்கலுக்கு வாழ்த்துச் சொல்லக் கூப்பிட்டவர், வழக்கம்போல, "இந்த வருஷம் மே முதல் தேதியே வந்துர்றோம், பிள்ளைகளுக்கு அப்பவே லீவு" என்றார். நான் மனசுக்குள் பத்துத் தடவை சொல்லிப் பார்த்து வைத்திருந்ததைச் சொன்னேன்: "மதினி, முத வாரம் பாப்பா வர்றா. பதினஞ்சாம் தேதிக்கு மேல வாங்களேன். பூக்கண்காட்சியும் அந்தச் சமயத்துலதான் இருக்கும். பின்னாடி ரூமை அவளுக்குக் குடுத்துட்டோம், அதனால நீங்க முன் ரூம்ல தாராளமா இருக்கலாம்." ஒரு பெரிய அமைதி. "அவ என்ன விருந்தாளியா, நாங்க வந்தா ஒதுங்கிக்க மாட்டாளா?" என்றார். "ஒதுங்கி ஒதுங்கித்தான் மதினி பூண்டு ரூமுக்குப் போயிட்டா" என்றேன். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "பார்ப்போம்" என்று வைத்துவிட்டார். அதற்கப்புறம் இரண்டு தடவை அவர் தம்பியிடம் பேசியிருக்கிறார். என்னைக் கூப்பிடச் சொல்லவில்லை. மாசி பிறந்ததும் பழனிக்கு வருகிறார்களாம். அப்போது போய்ப் பார்த்து, மரத்தக்காளிச் சட்னி ஒரு பாட்டில் கொடுத்துவிட்டு வரலாம் என்றிருக்கிறேன். அவருக்கு அது உயிர்.

இப்போது உங்களிடம் ஓர் உதவி. அறை தயார், கட்டில் தயார், தாழ்ப்பாள் இரண்டும் தயார். பூண்டு வாசனை மட்டும் போக மாட்டேன் என்கிறது. சுண்ணாம்பு இரண்டு கை அடித்தாயிற்று. அடுப்புக்கரியைக் கூடையில் போட்டு மூலைக்கு ஒன்றாக வைத்தேன். காப்பித்தூள் சக்கையைத் தட்டில் பரப்பி வைத்தேன். யூகலிப்டஸ் தழை கட்டித் தொங்கவிட்டேன். இப்போது பூண்டும் யூகலிப்டஸும் கலந்து ஜலதோஷ மருந்து மாதிரி மணக்கிறது! மர உத்தரத்தில் ஏறிய பூண்டு வாசனைக்குக் கைகண்ட வழி தெரிந்த சகோதரிகள் ஏப்ரல் முடிவதற்குள் எழுதுங்கள்.